எமன் வீட்டு மாப்பிள்ளை பேசுகிறேன்

மலையை மலை மறைத்து நிற்கும் ஊவா மண்ணில், மழை ஒதுங்கி வெயில் எட்டிப் பார்க்கும் இந்த நண்பகல் வேளையில், தலைமை நாற்காலியில் அமர்ந்து, அதன் ஒரு கால் ஆடுவதை யாருக்கும் காட்டிக்கொள்ளாமல் சமாளித்துக்கொண்டிருக்கும் ஊத்துமலைத் தோட்டத்துத் தலைவர், அன்புத் தம்பி ஜீவன் அவர்களே. மண்டபம் தந்து, மின்விசிறி தந்து, மின்சாரத்தை மட்டும் இறைவன் பொறுப்பில் விட்டுவிட்ட பாடசாலை அதிபர் அவர்களே. பூசையை முடித்துவிட்டுப் பாயசத்தின் வாசனையில் கண்மூடித் தியானத்தில் இருக்கும் குருக்கள் ஐயா அவர்களே. கடைக் கதவைப் பாதி மூடிவிட்டு, பாதி மனத்தோடு வந்திருக்கும் எங்கள் ஸனூஸ் நானா அவர்களே. ஏறிய மலைக்கும் இறங்கிய பள்ளத்துக்கும் கணக்கு வைக்காத கால்களோடு வந்து அமர்ந்திருக்கும் பெரியவர்களே. கூடை சுமந்த தலையும் குழந்தை சுமந்த இடுப்புமாக இந்த மலையையே தாங்கி நிற்கும் தாய்மார்களே. கொழும்பிலிருந்து வளைவு வளைவாக வந்து, இன்னும் தலை சுற்றிக்கொண்டிருக்கும் விருந்தினர்களே. முன்வரிசையில் இருந்துகொண்டு, "சுருக்கமாப் பேசுங்க" என்று கண்ணாலேயே கட்டளையிடும் என் மனைவி விஜயலெட்சுமி அவர்களே. எல்லோருக்கும் மேலாக, என் மனைவிக்கு அந்தக் கண்ணைக் கொடுத்த என் அத்தை, பூவம்மா அவர்களே. உங்கள் எல்லோருக்கும் பதுளைப் புடவைக் கடைச் சுந்தரலிங்கத்தின் பணிவான வணக்கம்.

தம்பி, மைக்கை இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கள். போதும், போதும். நான் பேசத்தான் வந்தேன், பறக்க வரவில்லை.

அன்புடையீர், எதற்காக இங்கே கூடியிருக்கிறோம்? யாருக்காகக் கூடியிருக்கிறோம்? தொண்ணூற்றொரு வயது வரை நம்மிடையே நடந்து, நம்மோடு சிரித்து, நம்மைச் சிரிக்க வைத்து, சென்ற ஆண்டு இதே நாளில் நம்மை விட்டுப் போன என் மாமனார், என் மனைவியின் தகப்பனார், என் பிள்ளைகள் கிரிஷாந்தனுக்கும் கம்சலாவுக்கும் தாத்தா, இராசையா அவர்களின் நினைவுக்காகக் கூடியிருக்கிறோம். பிறந்தது தோட்டத்தில், வளர்ந்தது தோட்டத்தில், வேலை செய்தது தோட்டத்தில். ஆனால் இந்தத் தோட்டத்தில் இராசையா என்று கேட்டால் யாருக்காவது வழி தெரியுமா? தெரியாது. எமன் வீடு எது என்று கேட்டால் தொட்டில் பிள்ளைகூடக் கை காட்டும்.

விருந்தினர்கள் திடுக்கிடுகிறார்கள். அவர்களுக்காக ஒரு வார்த்தை. மாசி மாதம் வந்தால் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து. கூத்திலே மன்மதன் எரிவான், ரதி அழுவாள், எமன் வருவான். அந்த எமன் வேஷத்தை இளம் வயதில் கட்ட ஆரம்பித்தவர் எங்கள் மாமா. எரிகிற மன்மதன்கள் எத்தனையோ பேர் மாறினார்கள். அழுகிற ரதிகள் எத்தனையோ பேர் மாறினார்கள். எமன் மட்டும் மாறவே இல்லை.

எங்கள் தோட்டத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. கூத்து முடியும் நாளன்று காலையில் எமன் கையில் கயிறோடு லயம் லயமாக, வரிசை வீடுகள் ஒன்று விடாமல், வருவார். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "வெளிய வா" என்று ஒரு குரல் கொடுப்பார். கொடுத்தால், வீட்டுக்குள் ஓர் உயிர் இருக்கக் கூடாது. பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும், படுக்கையில் கிடப்பவரைப் பாயோடு கொண்டு வர வேண்டும். உள்ளே ஓர் ஆள் மிஞ்சினாலும் அந்த வருஷம் அந்த வீட்டுக்கு ஆகாது. வெளியே வந்தவர்கள் எமனுக்குப் பின்னாலேயே கூத்துப் பொட்டல் வரைக்கும் நடந்து போக வேண்டும். பக்தி உள்ளவன் போவான், பக்தி இல்லாதவன் பயத்தில் போவான். பள்ளிவாசலுக்குப் போகிற ஸனூஸ் நானாவே கடையைப் பூட்டிவிட்டு ரோட்டில் வந்து நிற்பார். "ஏன் நானா, நீங்க எதுக்கு?" என்று நான் ஒரு முறை கேட்டேன். "எதுக்கும் இருக்கட்டும் மாப்புள" என்றார். இல்லையா நானா? தலையாட்டுகிறார், பாருங்கள்.

இந்த வழக்கம் ஒன்றும் தெரியாத ஒரு குடும்பம், அந்த நாளில், அந்த நேரத்தில், பெண் பார்க்க வந்தால் எப்படி இருக்கும்? அந்தக் குடும்பம் என் குடும்பம். அந்த மாப்பிள்ளை நான்.

பதுளைக் கடைவீதியில் புடவை கிழிக்கும் கைகள் எங்கள் கைகள். தோட்டத்தில் பெண் எடுப்பதா என்று என் தாயாருக்கு ஏற்கெனவே முகம் கோணி இருந்தது. என் தகப்பனாரோ நல்ல நாள், நல்ல நேரம் எல்லாம் பார்த்துத்தான் புறப்பட்டார். பசறை பஸ்ஸில் ஏறி, இறங்கி, மலையேறி, மூச்சு வாங்கி, பெண் வீட்டு லயத்துக் காம்பிரா அறையில் வந்து உட்கார்ந்தோம். தேத்தண்ணி வந்தது. வடை வந்தது. வெட்கத்தோடு பெண் வந்தது. விஜயலெட்சுமி, வெட்கப்பட்டாய் என்றுதான் சொல்கிறேன், முறைக்காதே.

நான் பெண்ணின் முகத்தைப் பார்க்கத் தலையை நிமிர்த்துகிறேன். வெளியே ஒரு குரல்: "வெளிய வா."

அவ்வளவுதான். பெண்ணைக் காணோம். பெண்ணைப் பெற்றவளைக் காணோம். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர்கள் ஒருவரையும் காணோம். வீட்டில் மிஞ்சியது நானும், என் தாயும் தகப்பனும், ஒரு தட்டு வடையும். என்ன நடக்கிறது என்று நாங்கள் விழிக்கும்போது வாசலில் வந்து நிற்கிறது ஓர் உருவம். கரி பூசிய முகம், கன்னம் வரை மீசை, தலையில் கிரீடம், கையில் கயிறு. "உள்ள யாரு? சொன்னது காதுல விழலையா? வெளிய வா." பதுளைக் கடைவீதியில் யாருக்கும் பணியாத என் தகப்பனார், தேத்தண்ணியை வேட்டியில் ஊற்றிக்கொண்டு ஓடினார். என் தாயார் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். நான் வடைத் தட்டை விடவில்லை. அதை மட்டும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

வெளியே வந்து நிற்கிறோம். அந்த எமன் எங்களை உற்றுப் பார்த்தார். கயிறைக் கீழே வைத்தார். கையைக் கூப்பினார். "பதுளையிலருந்து வந்தவங்களா? மன்னிச்சிக்கிருங்க. நாந்தாங்க பொண்ணோட அப்பா. உள்ள போயி வடையச் சாப்பிடுங்க, அடுத்த லயத்த முடிச்சிட்டு வந்துர்றேன்" என்றார்.

சிரிக்கிறீர்கள். அன்று நாங்கள் சிரிக்கவில்லை. பஸ் பதுளை போய்ச் சேரும் வரைக்கும் என் தாயார் ஒரே பாட்டு. எமன் வீட்டில் போய் யாராவது பெண் எடுப்பார்களா, எடுப்பார்களா என்று. வீட்டு வாசற்படியில் கால் வைக்கும்போதுதான் என் தகப்பனார் சொன்னார்: "யோசிச்சுப் பாரு. எமன் நமக்குச் சம்பந்தின்னா, முறைக்கு நம்மகிட்ட ஒரு மரியாதையா நடந்துக்குவான்ல?" அந்த ஒரு வார்த்தையில் முடிந்தது என் கல்யாணம்.

பயங்கரமான எமன் என்று நினைத்து வந்தேன். வந்து பார்த்தால், ஊசிக்குப் பயந்த எமன், கரப்பான் பூச்சிக்குப் பயந்த எமன், எங்கள் அத்தை பூவம்மாவின் ஒரு இருமலுக்குப் பயந்த எமன். அத்தை, உண்மைதானே? சிரிப்பை அடக்காதீர்கள், நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

ஆனால் அன்புடையீர், அந்த வேஷத்துக்கு அவர் ஒரு விலை கொடுத்தார். பிள்ளைகள் என்றால் உயிர், மனிதர்கள் என்றால் உயிர், யாருக்காவது காய்ச்சல் என்று கேட்டால் இவருக்குச் சோறு இறங்காது. ஆனால் ஒரு நோயாளி வீட்டு வாசலில் இவர் போய் நிற்க முடியுமா? நின்றால் அந்த வீட்டில் அழுகை கிளம்பிவிடும். என் தகப்பனாருக்கு ஒரு முறை வயிற்றில் ஒப்பரேஷன் நடந்து, பதுளை பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். சம்பந்தியைப் பார்க்க மாமா தோடம்பழப் பையோடு வந்தார். வாட்டில் அடுத்த கட்டிலில் நம் தோட்டத்து ஆள் ஒருவர். மாமாவின் தலை கதவில் தெரிந்ததும் அவர் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டார். அதற்கு அடுத்த கட்டில்காரர், சேலைன் போத்தலோடு எழுந்து, "என்னைய வீட்டுக்கு விடுங்க, எனக்குச் சொகமாயிருச்சு" என்று நேர்ஸைப் போய்ப் பிடித்துக்கொண்டார்.

வாசலிலேயே நின்றுவிட்டார் மாமா. "நான் தோடம்பழம் குடுக்கத்தான் வந்தேன்" என்றார், பாவம், யாரிடமும் இல்லை, பொதுவாக. அதற்குப் பிறகு யாரைப் பார்க்க வந்தாலும் ஆஸ்பத்திரி கேட்டோடு நின்றுகொண்டு, பழத்தை என்னிடம் கொடுத்து அனுப்புவார். "எப்புடி இருக்காரு மாப்புள? சிரிச்சாரா?" என்று கேட்பார். சிரித்தார் மாமா என்று சொன்னால்தான் பஸ் ஏறுவார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பின்னால் யாரோ சோறு ஆறுகிறது என்கிறார்கள். ஆறட்டும் ஐயா. சுடச்சுடச் சொல்ல வேண்டிய ஒன்று இன்னும் பாக்கி இருக்கிறது.

மாமாவுக்கு ஒரே ஒரு தங்கை. மீரியபெத்தயில் வாழ்க்கைப்பட்டிருந்தார். அந்த மலை சரிந்து லயங்களை மூடிய நாளை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முதல் நாள் மாலையில் மாமா போனில் பேசினார். "மழை பயமா இருக்கு, கெளம்பி வந்துரு புள்ள" என்றார். "இந்த மழை விட்டதும் வந்துர்றோம்ண்ணே" என்று சொல்லியிருக்கிறார் தங்கை. மழை விடுவதற்கு முன்னால் மலை வந்துவிட்டது. மாமா அங்கே போய், சேற்றின் ஓரத்தில் நாள்கணக்காக உட்கார்ந்திருந்து, வெறுங்கையோடு திரும்பி வந்தார். அந்த வருஷ மாசியில் அவர் வேஷம் கட்டவில்லை. "எமன் வேசம் கட்டுன நானே போயி அவ வாசல்ல நின்னு கூப்புட்டிருக்கணும் மாப்புள" என்று ஒரே ஒரு தரம் என்னிடம் சொன்னார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

ஆண்டுகள் ஓடின. வந்தது ஓர் ஐப்பசி. எப்படிப்பட்ட ஐப்பசி? வானம் வாய் மூடாத ஐப்பசி. வாசலுக்கும் வானத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஐப்பசி. அத்தையையும் மாமாவையும் பதுளைக்குக் கூட்டிப் போக வேன் எடுத்துக்கொண்டு நான் வந்தேன். வந்தவனுக்குப் பின்னால் பாதை இடிந்து விழுந்தது. மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று அத்தை கோழி அடித்தார். ஆக, மாட்டிக்கொண்டவனும் நான், நன்றாகச் சாப்பிட்டவனும் நான்.

மறுநாள் காலை அதிகாரிகள் நனைந்துகொண்டே வந்தார்கள். மேலே மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது, உடனே லயங்களை விட்டுப் பாடசாலைக்குப் போங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார்கள். சொல்லிவிட்டு அடுத்த தோட்டத்துக்கு ஓடினார்கள், அங்கேயும் சொல்ல வேண்டுமே. நம் ஜனங்கள் அசைந்தார்களா? ஏற்கெனவே இப்படிச் சொல்லி, போய்ப் பாடசாலையில் கிடந்து, மலை விழாமல் திரும்பி வந்து பார்த்தால் வீட்டில் கோழியைக் காணோம், காஸ் அடுப்பைக் காணோம். அந்த அனுபவம். ஆகவே ஆளுக்கொரு காரணம். ஒருத்தி, தோசைக்கு மாவு அரைத்து வைத்திருக்கிறேன், பொங்கட்டும் என்றாள். ஒருவர், ஆடு குட்டி போடும் போல இருக்கிறது என்றார். இன்னொருவர், காலைப் பெரட்டுக்குப் போய் ஆள் கணக்குக் கொடுக்கவில்லை என்றால் அன்றைக்குச் சம்பளப் பேர் விழாது என்றார். நம் தலைவர் ஜீவன் அன்றைக்குத் தலைவர் இல்லை, இளவட்டம். நாற்காலியைப் பிடித்துக்கொள்ளுங்கள் தம்பி. அவர் சொன்ன காரணம் கிரிக்கட் மாட்ச்.

மாமா லயத்துக்கு லயம் போனார். கும்பிட்டார். கெஞ்சினார். "எந்தங்கச்சியும் இப்புடித்தாய்யா சொன்னா" என்றார். "மழை விட்டதும் போவோம் தாத்தா" என்றார்கள். அதே வார்த்தை. எழுத்துப் பிசகாமல் அதே வார்த்தை.

அதைக் கேட்டதும் மனிதர் திரும்பி விறுவிறு என்று வீட்டுக்கு வந்தார். கட்டிலுக்கடியில் கிடந்த தகரப் பெட்டியை இழுத்தார். எண்பதைத் தாண்டிய அந்த வயதில், பகல் வெளிச்சத்தில், கொட்டும் மழையில், ஐப்பசி மாதத்தில், எமன் வேஷம் கட்டினார். கயிறைக் காணவில்லை. ஆட்டுக் கயிறை அவிழ்த்துக்கொண்டார். கரியைப் பூசினால் மழை கழுவுகிறது. மீசையை ஒட்டினால் ஒரு பக்கம்தான் நிற்கிறது. மறு பக்கம் ஸனூஸ் நானா கடை முன்னால் கான் தண்ணீரில் விழுந்து மிதந்து போனது. ஒற்றை மீசை எமன், ஆட்டுக் கயிறோடு முதல் லயத்தின் வாசலில் போய் நின்றார். கொடுத்தார் ஒரு குரல்.

"வெளிய வா."

அன்புடையீர், அந்தக் குரலை நான் என்ன சொல்வேன்? கெஞ்சியபோது கேளாத காது, அந்தக் குரலுக்குக் கேட்டது. கும்பிட்டபோது திறக்காத கதவு, அந்தக் குரலுக்குத் திறந்தது. முதலில் வந்தவர்கள் கிழவிகள். பேரப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வந்தார்கள். "மாசி வந்திருச்சா? மாசி வந்திருச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். கேட்டார்களே தவிர ஒருவரும் உள்ளே நிற்கவில்லை. பிள்ளையைக் கிழவி தூக்கிக்கொண்டு போனால் தாய் நிற்பாளா? தாய் போனால் தகப்பன் நிற்பானா? தோசை மாவுக்காரி மாச்சட்டியோடு வந்து, பக்கத்தில் நின்ற என் தலையில் அதை ஏற்றிவிட்டாள். பதுளையில் நாலு பேர் மதிக்கிற புடவைக் கடை முதலாளி, தலையில் மாச்சட்டியோடு எமனுக்குப் பின்னால் போனேன்.

இளவட்டங்கள் சிரித்தார்கள். "தாத்தா, மாசிக்கு இன்னும் நாலு மாசம் கெடக்கு" என்றார் ஒருவர். பெயர் சொல்ல மாட்டேன், அவர் தலைமை வகித்துக்கொண்டிருக்கிறார். மாமா சிரிக்கவில்லை. "மாசக் கணக்கெல்லாம் ஒனக்கு. எனக்கு உத்தரவு வந்திருச்சு. இப்ப வர்றியா, கயிறப் போடவா?" என்றார். தம்பி டீவியை அணைக்காமலே வெளியே வந்தார்.

எல்லா லயமும் காலி. எல்லாக் காம்பிராவும் காலி. ஒன்று மட்டும் பாக்கி. எது? எமன் வீடே பாக்கி.

உள்ளே எங்கள் அத்தை, அடை வைத்த கோழிக் கூடைக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். மாமா வாசலில் நின்று குரல் கொடுத்தார். அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எமனாம் எமன். இந்த எமனுக்குக் காலமெல்லாம் சோறாக்கிப் போட்டது நானு. போங்க அங்கிட்டு. நனையாம உள்ள வந்து ஒக்காருங்க" என்றார்.

மறுபடி குரல் கொடுத்தார். கயிறைச் சுழற்றினார். பல்லைக் கடித்தார். ஊரையே கிளப்பிய எமன், தன் வீட்டு வாசலில் ஒன்றும் செய்ய முடியாமல் நின்றார். மேலே மலையில் எங்கோ மரம் முறிகிற சத்தம் கேட்டது. என் தலையில் மாவு தளும்பியது. அப்போது மாமா கிரீடத்தைக் கழற்றிப் படியில் வைத்தார். மிச்சம் இருந்த ஒற்றை மீசையையும் பிய்த்துப் போட்டார். "பூவு, வா புள்ள. போவோம்" என்றார், மெதுவாக. அத்தை அவர் முகத்தைப் பார்த்தார். எழுந்தார். கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். சரி, கடைசியில் அத்தையும் பயந்துவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வந்து சேர்ந்தோம், எங்கே? இதே பாடசாலைக்கு, இதே மண்டபத்துக்கு. வந்து சேர்ந்ததும் என்ன ஆயிற்று? மழை நின்றது. பளிச்சென்று வெயில் அடித்தது. மலை கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தது. அதற்குப் பிறகு மாமா வாங்கிய ஏச்சு இருக்கிறதே, அதை இந்த மேடையில் சொன்னால் குருக்கள் ஐயா தீட்டு என்பார். கிழவனுக்குக் கிறுக்கு என்றார்கள். ஊரை ஏமாற்றிவிட்டான் என்றார்கள். வீட்டுக்குப் போகிறோம் என்று மூட்டையைத் தூக்கினார்கள். மாமா ஒரு நாற்காலியைக் கொண்டுபோய்ப் பாடசாலை கேட்டில் போட்டு, கயிறோடு உட்கார்ந்துகொண்டார். "தாண்டுறவன் கழுத்துல போடுவேன்" என்றார். "எங்கோழி பட்டினி கெடக்கும், விடுங்க" என்றாள் ஒருத்தி. "கோழி உசிரு எங்கணக்குல இல்ல. ஒன் உசிருதான் இருக்கு. போயி ஒக்காரு" என்றார்.

ஒருவரையும் விடவில்லை. சாயந்தரம் மறுபடி மழை பிடித்தது. அந்த வயதில், அந்தக் குளிரில், நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் குடை பிடித்தேன். அத்தை வந்து, என்னிடமிருந்து குடையை வாங்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நின்றார்.

விடிந்து, தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கிற நேரம். ஒரு சத்தம் கேட்டது. லொறி லொறியாகக் கல்லைக் கொட்டுகிற சத்தம், நிற்காத சத்தம். எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தோம். லயம் இருந்த இடத்தில் லயம் இல்லை. கோயில் மணிக்கூண்டு இல்லை. ரோட்டோரம் ஸனூஸ் நானா கடைச் சுவர் ஒன்று மட்டும் நின்றது. யாரும் அழவில்லை. கிறுக்கன் என்று சொன்னவர்கள் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமா பாடசாலைக் குழாயில் முகத்தைக் கழுவினார். கரி போன பிறகு கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, "நீயும் வந்திருக்கலாமே தங்கச்சி" என்று பிள்ளை மாதிரி அழுதார். நாங்கள் எல்லோரும் அவரோடு சேர்ந்து அப்போதுதான் அழுதோம்.

அதற்குப் பிறகு அவரைக் கண்டு போர்வை மூடியவர் யார்? ஒருவரும் இல்லை. காய்ச்சல் என்றால் எமனைக் கூப்பிடு என்றார்கள். புது வீட்டுக்குப் பால் காய்ச்சினால் எமன் முதலில் படியேறட்டும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் இவர் தோடம்பழத்தோடு உள்ளே நடந்து போவதை நான் பார்த்தேன். கட்டிலுக்குக் கட்டில் நின்று ஊர்க்கதை பேசிவிட்டு வந்தார். பழம் கொடுக்க மறந்துவிட்டார். அவ்வளவு சந்தோஷம்.

கடைசி நாளிலும் குறும்பு போகவில்லை. நாங்கள் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நிற்கிறோம். கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவர், என்னைக் கையால் கிட்டக் கூப்பிட்டார். "மாப்புள, ஆள் வந்திருக்கான். வேசம் பரவாயில்ல. மீசதான் சரியா ஒட்டல" என்றார். நான் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே பார்க்கிறேன், அவர் இல்லை.

மாமா என்றுதான் எப்போதும் கூப்பிட்டு வந்தேன். என்னைப் பெற்றவர் போன பிறகு, தகப்பன் என்று நினைத்துத்தான் அப்படிக் கூப்பிட்டேன். இதை அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

இப்போது ஒரு வேண்டுகோள். அன்று காலை, கொட்டும் மழையில், உங்கள் வாசலில் ஒற்றை மீசையோடு எமன் வந்து நின்று கூப்பிட, அந்தக் குரலுக்கு வெளியே வந்தவர்கள் யார் யாரோ, அவர்கள் எல்லோரும் தயவுசெய்து எழுந்து நில்லுங்கள்.

எழுந்திருங்கள், வெட்கப்படாதீர்கள். தம்பி ஜீவன், நீங்களும்தான். நாற்காலி விழுந்தால் விழட்டும். மாச்சட்டி அம்மா, நீங்களும். ஸனூஸ் நானா, ரோட்டில் நின்றாலும் கணக்குத்தான், எழுந்திருங்கள். அன்று வெளியே வந்த தாய்மார்களுக்கு அதன்பிறகு பிறந்த பிள்ளைகளே, நீங்களும் எழுந்து நில்லுங்கள். அன்று வந்தவர்களைக் கட்டிக்கொண்டு வந்த மருமக்களே, நீங்களும் நில்லுங்கள், அவர்கள் இல்லாவிட்டால் நீங்கள் இங்கே ஏது? ஜன்னலில் நிற்பவர்கள் கையைத் தூக்குங்கள். மேடையில் நானும் நிற்கிறேன்.

விருந்தினர்களே, கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். உங்களைத் தவிர யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? அழைப்பிதழில் தொண்ணூற்றொரு வயது என்று அச்சடித்திருக்கிறோம். அது தப்பு. இங்கே நிற்கிறார்களே, இவர்கள் எல்லோருடைய வயதையும் கூட்டுங்கள். இனிமேல் இவர்கள் வாழப்போகிற வயதையும் கூட்டுங்கள். அதுதான் எங்கள் இராசையா வாழ்ந்த வயது.

அத்தை? அத்தை ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள்? முழங்கால் வலிக்கிறதா? கம்சலா, அம்மாச்சியைக் கொஞ்சம் தூக்கி விடு. என்ன? வலி இல்லையாம். அப்படியானால் ஏன் எழுந்திருக்கவில்லை? தம்பி, அந்த மைக்கை அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். பேசுங்கள் அத்தை, எல்லோரும் கேட்கட்டும்.

"எமன் கூப்புட்டவங்கதான எந்திரிக்கணும். என்னைய எம் புருசன்ல கூப்புட்டாரு."

அன்புடையீர், இவ்வளவு நேரம் நான் பேசியதை அவர் ஒரு வரியில் பேசிவிட்டார். இனி இந்த மேடையில் எனக்கு வேலை இல்லை. தலைவருக்கும், தாய்மார்களுக்கும், பெரியவர்களுக்கும், கேட்டிருந்த காதுகளுக்கும், காத்திருந்த வயிறுகளுக்கும் நன்றி. எல்லோரும் நின்றுகொண்டுதான் இருக்கிறீர்கள், அப்படியே பந்திக்கு நடப்போம். அத்தை முன்னால் போகட்டும். வணக்கம்.